வாசலில் ஒரு கிடா

பையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வச்சுக்கிருங்க சார். கிடா வாயி சும்மா இருக்காது. ஏறும்போதே கண்டக்டர் தம்பி சத்தம் போட்டாப்ல, மினி பஸ்ல ஆட்டையெல்லாம் ஏத்தமுடியாதுன்னு. லக்கேஜ் டிக்கெட்டு போட்டுக்க, என் காலுக்குள்ளயே இடுக்கி வச்சுக்கிடுறேன்னேன். பரமக்குடியில இருந்து பனையடியேந்தலுக்கு ரோடு பிரியுற விலக்கு வரைக்கும் எனக்கும் இதுக்கும் ஒரே சீட்டுதான். நீங்க பெரிய மனசு பண்ணி இடம் குடுத்தீங்க.

நேர்த்திக்கடனான்னு கேக்குறீங்க. கறுப்புக் கிடாயைப் பார்த்தா எல்லாருக்கும் அப்படித்தான் தோணும். அதெல்லாம் இல்ல சார். இது எங்கண்ணனுக்கு. பேரு மலைக்கண்ணன். பனையடியேந்தல்ல கேட்டா தெரியும். அவரு வீட்டு வாசல்ல இதைக் கட்டிட்டு, "இது உனக்கு"ன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். திரும்பிப் பாக்காம வந்துருவேன். எதுக்குன்னு கேட்டாலும் சொல்லமாட்டேன்.

அண்ணனுக்கு ஆடு கொண்டு போறவன் மூஞ்சி இப்படியா இருக்கும்னு நினைக்கிறீங்க. கோவம்தான் சார். மறைக்கல. போன மாசம் எங்க குலசாமிக்குக் கிடா வெட்டு. எங்க பக்கம் எப்படின்னா, வெட்டுன கறியைப் பனை ஓலையில கூறு கூறா வச்சிருப்பாக. தலக்கட்டுப் பேரைச் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருத்தரா ஓலைப்பட்டையை நீட்டி வாங்கிட்டுப் போகணும். கூறு போடுற உரிமை எங்க வீட்டுக்கு. எங்கப்பாவுக்குப் பெறகு எங்கண்ணன். நானும் பட்டையை வச்சுக்கிட்டு நிக்கிறேன். கூப்பிடுறாரு, கூப்பிடுறாரு, ஓலையெல்லாம் காலியாகுது. என் பேரு வரல. கடைசில நானே கேட்டேன், என் கூறு எங்கண்ணேன்னு. கத்தியைத் தொடைச்சுக்கிட்டே சொல்றாரு சார், நிமிந்துகூடப் பாக்கல.

"ஆத்தாளுக்குக் கொள்ளி போட வராதவனுக்கு எந்தக் கூறு?"

ஊரே நிக்குது. கட்டிக்கொடுத்த தங்கச்சி நிக்குது, மச்சான் நிக்கிறாரு. ஒரு வாய் பேசல. பட்டையைக் கவுத்து அவரு காலடியில வச்சுட்டு வந்துட்டேன். அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கல. இன்னைக்கு வரைக்கும் சரியா இறங்கல.

உங்களுக்குத் தெரியாதது இல்ல. தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன். எங்காத்தாவுக்கு நான்தான் கடைசி மகன். அந்தக் கொள்ளி என் கையில இருந்திருக்கணும். ஐஸ் பெட்டியில வச்சு ஒரு நாள் முழுக்கக் காத்திருந்திருக்காக. நான் வரல. எங்கண்ணனே போட்டுட்டாரு. சரி. வரலைங்கிறது நெசம். ஏன் வரலன்னு ஒருத்தர் கேக்கணும்ல? கேக்கல சார். நீங்க கேப்பீங்களான்னா, நீங்களும் கேக்கல. விலக்கு வர இன்னும் நேரம் கெடக்கு, நானே சொல்றேன். டேய், சும்மா இருடா. உங்களையில்ல சார், கிடாயை.

ஈவெங்கியான்னு ஒரு சீமை இருக்கு. ரஷ்யாவுல வடக்க. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. நானும் சமையக்காரனா அங்க போற வரைக்கும் கேள்விப்பட்டதில்ல. நம்ம தமிழ்நாட்டை அஞ்சாறா எடுத்து வரிசையா வச்சா எவ்வளவு வருமோ அவ்வளவு பெருசு. மொத்தச் சனத்தையும் திரட்டினா நம்ம முதுகுளத்தூர்ல அடக்கிப்புடலாம். மிச்சமெல்லாம் காடு. ஹெலிகாப்டர்ல போனா கண்ணு வலிக்கிற வரைக்கும் காடு, அதுக்குள்ள ஒரு ஆறு, பெறகும் காடு. ரோடு கிடையாது. ஆறு உறைஞ்சா அதான் ரோடு. லாரி போகும் சார் ஆத்து மேல. சித்திரை வைகாசியில கரைஞ்சா ரோடும் போச்சு.

அங்க இருக்கிற சனத்துக்கு ஈவெங்கின்னு பேரு. கன்ன எலும்பு தூக்கலா, கண்ணு சின்னதா, பேச்சு அதைவிடச் சின்னதா இருக்கும். பனிமான் மேய்ப்பாக, வேட்டைக்குப் போவாக. எண்ணெய் இருக்கான்னு பூமியைத் தோண்டிப் பாக்குற கம்பெனி கேம்ப் ஒண்ணு, அதுல நம்மூர் இஞ்சினியர் ஆளுக கொஞ்சப் பேரு. அவுகளுக்குச் சாம்பார் ரசம் வைக்க நான். மேலாளரும் தமிழ்தான், கோயமுத்தூர்ப் பக்கம். பேரு வேணாம். கேம்புக்குப் பக்கத்துலயே ஆத்தங்கரையில கையளவு ஊரு. மரவீடுக. அம்புட்டுத்தான். அடுத்த ஊருக்குப் பனிச்சறுக்கு வண்டியில போனாலும் பொழுது அடஞ்சுரும்.

அந்த ஊர்க்காரரு இக்னாத். சாபோகிர்னு வம்சப்பேரு. வேட்டைக்காரரு. எங்கண்ணனைவிட நாலஞ்சு வயசு மூப்பு இருக்கும். நான் இக்னாத் அண்ணேன்னுதான் கூப்பிடுவேன், அவரும் அதை ஒரு பேருன்னு நினைச்சுக்கிட்டு திரும்பிப் பாப்பாரு. அவரு தங்கச்சி வர்வாரா எங்க அடுப்படியில பாத்திரம் கழுவுச்சு. பூவலிங்கம்னு என் பேரு அதுக வாயில நுழையல. பாவெல்னு வச்சிருச்சுக. பாவெல்னா பாவெல். எனக்குத் தெரிஞ்ச ரஷ்யன் அடுப்படி ரஷ்யன். உப்பு, தண்ணி, வெங்காயம், சீக்கிரம், போதும். அதை வச்சுத்தான் அந்தம்மாகூடக் குடும்பக் கதையெல்லாம் பேசுவேன்.

மேலாளர் ஒரு சட்டம் போட்டிருந்தாரு. உள்ளூர்க்காரனுக்கு கேன்டீன்ல எதுவும் குடுக்கக்கூடாதுன்னு. ஒருத்தனுக்குக் குடுத்தா ஊரே வந்து நிக்கும்னு சொன்னாரு. ஊருன்னா என்ன சார், நம்ம ஒரு பந்திக்குக் காணாத சனம். உயிர் உறையுற குளிர்ல காட்டுல இருந்து வர்ற மனுசனை வாசல்லயே நிறுத்தி வைக்க நம்மளை அப்படி வளக்கல. இக்னாத் வந்தா பின்கதவைத் திறந்து உள்ள உக்கார வச்சு, மிளகு ரசத்தைச் சூடா ஒரு டம்ளர் குடுப்பேன். முதல் தடவை குடிச்சுட்டு அந்தாளு மூக்கெல்லாம் செவந்துபோச்சு. மறுநாள் திரும்ப வந்து டம்ளரைத் தேடுனாரு.

ஒண்ணு கவனிச்சேன். தின்ன எது குடுத்தாலும் முதல் துண்டு அவரு வாய்க்குப் போகாது. அடுப்புக் கதவைத் திறந்து நெருப்புக்குள்ள போடுவாரு. பெறகுதான் திம்பாரு. என்னம்மா இதுன்னு வர்வாராவைக் கேட்டேன். நெருப்புதான் வீட்டுல மூத்தவுக, அவுகளுக்கு வைக்காம எப்படித் திங்கிறதுன்னுச்சு. எனக்கு அது பிடிச்சுப்போச்சு. அன்னையில இருந்து அவருக்கு ரெண்டு சப்பாத்தி சேத்தே போட்டேன்.

இப்படி இருக்கையில ஒரு நாள் காலையில மேலாளர் ரூமுக்கு வரச்சொன்னாக. அங்கதான் போன். எங்கண்ணன் குரலு. "ஆத்தா போயிருச்சுடா. வா." அவ்வளவுதான் கேட்டுச்சு. லைன் போச்சு.

வா. எப்படி வர சார்? விடிகாலையில இருந்து பனிப்புயல். வானம் எது தரை எதுன்னு தெரியல. ஹெலிகாப்டர் எழும்பாதுன்னுட்டாக. லாரிக்காரனைக் கேட்டா தலையை ஆட்டுறான். மேலாளர் சொன்னாரு, மனசைத் தேத்திக்கப்பா, மத்தியானச் சாப்பாட்டை மட்டும் எப்படியாவது பாத்துரு. பாத்தேன் சார். சோறு வடிச்சு, குழம்பு வச்சு, அம்புட்டுப் பேருக்கும் பரிமாறிட்டு, கோட்டை மாட்டிக்கிட்டு ஆத்துல இறங்கிட்டேன். நடந்தே போயிருவோம்னு. எங்க போறது? அது தெரியல. தெக்க பாத்து நடந்தா எப்படியும் நம்ம ஊருதானன்னு ஒரு புத்தி. சிரிக்காதீங்க. பெத்தவ செத்தா உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

ஆத்து நடுவுல போனப்பெறகு தெக்கும் தெரியல வடக்கும் தெரியல. இமை ஒட்டிக்கிச்சு. ஆத்தா ஆத்தான்னு கத்துனேன், எனக்கே கேக்கல. யாரோ பின்னாடி இருந்து கைச்சட்டையைப் பிடிச்சாக. இக்னாத். பிடிச்ச பிடியை விடாம, மாட்டை ஓட்டிட்டு வர்ற மாதிரி கொண்டாந்து அடுப்படியில விட்டாரு. வர்வாராகிட்ட விசயத்தைக் கேட்டுக்கிட்டாரு. என் பக்கத்துல உக்காந்து நெருப்பையே பாத்துக்கிட்டு இருந்துட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

இதை எங்கண்ணன்கிட்டச் சொன்னியான்னு கேக்குறீங்க. எதுக்குச் சொல்லணும்? அவரு கேக்கட்டும். கேக்காதவருகிட்ட வலியப்போய், அண்ணே நான் பனியில நடந்தேன், செத்துப் பொழைச்சேன்னு சொல்லணுமா? எனக்கு அப்படி ஒண்ணும் தலையெழுத்து இல்ல.

புயல் ஓஞ்சப்ப இங்க எல்லாம் முடிஞ்சிருச்சு. கருமாதிக்காவது போவோம்னா, விமானம் இறங்குற தளத்துல ஆள் உசரத்துக்குப் பனி. வழிச்செடுக்க எத்தனை நாளாகும்னு யாருக்கும் தெரியல. சரி, இங்கயே இருந்து தீட்டுக் காப்போம்னு முடிவு பண்ணிட்டேன். கேம்புக்குக் கறி சமைப்பேன், அது வேலை. என் வாயில வைக்கல. என் கையால எந்த வீட்டுக்கும் எதுவும் குடுக்கல. சாவு வீட்டுக்காரன் அடுத்த வீட்டுக்குச் சோறு குடுக்கலாமா? நீங்களே சொல்லுங்க. பதினாறு கழிஞ்சு தலை முழுகிட்டு, அன்னைக்குக் கறி ஆக்கி ஆத்தா பேரைச் சொல்லித் திங்கணும். அதுதான் முறை.

அந்த நேரத்துலதான் இக்னாத் மானைக் கொண்டாந்தாரு. மான்னா நம்ம புள்ளிமான் இல்ல. இங்கிலீசுல மூஸுங்கிறாக. எருமை தண்டி. சறுக்குவண்டியில கட்டி இழுத்துட்டு வந்து பின்வாசல்ல போட்டுட்டு, என்னையப் பாத்து, "பாவெல், இது உனக்கு"ன்னாரு. போயிட்டாரு. அவ்வளவுதான் சார். அந்த ஒரு வார்த்தைதான்.

பெத்தவளை இழந்தவன்னு, காட்டுல அலைஞ்சு முழு மானையும் கொண்டாந்து குடுத்திருக்காரு. கூடப் பொறந்தவன் செய்வானா? அதை வீணாக்கலாமா? வெட்டி, சாமான் கொட்டகையில தொங்கவிட்டு, பூட்டி, சாவியை அருணாக்கயித்துல முடிஞ்சுக்கிட்டேன். அங்க ஐஸ் பெட்டி வேணாம், ஊரே ஐஸ் பெட்டிதான். பதினாறாம் நாள் வரைக்கும் ஒருத்தனும் தொடக்கூடாது. ஆத்தா பேருக்கு வந்த கறி. நான் செஞ்சது சரிதான? இன்னைக்கும் சொல்றேன், சரிதான்.

ரெண்டு நாள் கழிச்சு இக்னாத் வந்தாரு. ரசம் குடுத்தேன், தொடல. கொட்டகைப் பக்கம் போயி நின்னாரு. பூட்டைப் பாத்தாரு. போயிட்டாரு. திரும்பவும் வந்தாரு. திரும்பவும் நின்னாரு. மனுசன் குடுத்ததைப் பெருமையாப் பாத்துட்டுப் போறாரு போலன்னு நினைச்சேன். பெறகு வரவே இல்ல. ஊருக்குள்ள போனா ஒருத்தர் முகம் குடுக்கல. எப்பவும் கையாட்டுற கெழவன் கதவைச் சாத்திக்கிட்டான். வர்வாரா பாத்திரத்தைக் கழுவுற சத்தம் கேம்பு முழுக்கக் கேக்குது. பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு ஒரு நாள் கேட்டுப்புட்டேன், என்னம்மா, நான் உங்களுக்கு என்ன குறை வச்சேன்னு.

கழுவுன தட்டைக் கீழ வச்சுட்டு அந்தம்மா சொல்லுச்சு. ரஷ்யன்ல சொன்னது. எனக்குப் புரியணும்னு ஒவ்வொரு சொல்லா நிறுத்திச் சொல்லுச்சு.

"எங்க வேட்டைக்காரன் தான் அடிச்சதைத் தானே கூறு போடமாட்டான், பாவெல். இன்னொருத்தன் கையில குடுப்பான். வாங்குனவன் எல்லா வீட்டுக்கும் பகிரணும். அடிச்சவனுக்கும் அவன்தான் குடுக்கணும். நீ கதவைப் பூட்டிட்ட. ஊரு காத்துக்கிட்டு இருக்கு."

நிமாத்னு அதுக்குப் பேராம். புயல்ல சாமான் லாரி வரல, ஊர்ல எந்த வீட்லயும் கறி இல்ல, மாவும் தேத்தண்ணியும்தான் ஓடிக்கிட்டு இருந்திருக்கு. இக்னாத் துப்பாக்கியை ஆணியில மாட்டிட்டாராம். குடுத்தது போய்ச் சேரலன்னா காடு அடுத்ததைத் தராதுன்னு அவுக நம்பிக்கை. அம்புட்டுப் பேரும் என் அருணாக்கயித்துச் சாவியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காக, எனக்குத் தெரியல.

இப்பச் சொல்லுங்க சார், இது என் தப்பா? வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன? பாவெல், இது பங்குக் கறி, வீடு வீடாக் குடுன்னு ஒரு வார்த்தை சொன்னா நாக்கு தேஞ்சா போகும்? நான் என்ன ஜோசியனா? பூட்டுன கொட்டகை முன்னாடி வந்து வந்து நின்னுட்டுப் போனா நான் என்னன்னு எடுத்துக்கிறது? இதைத்தான் வர்வாராகிட்டயும் கேட்டேன். எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். அது என்ன சொல்லுச்சு தெரியுமா? சொல்லிக் குடுத்தா அவனே பங்கு போட்ட மாதிரி ஆயிரும், பெறகு உனக்கு எதுக்குக் குடுக்கணும்னுச்சு. அம்மா இல்லாதவன் தனியா நிக்கக்கூடாது, எல்லா வீட்டு வாசலையும் மிதிக்கட்டும்னுதான் உன் கையில குடுத்தான்னுச்சு.

அருணாக்கயித்துல இருந்து சாவியை அவுத்தேன்.

அன்னைக்கே மேலாளர் வந்து நிக்கிறாரு. கேம்புலயும் கறி தீந்துபோச்சு, கொட்டகைச் சாவியைக் குடுன்னு. இது கேம்பு கறி இல்ல சார், எனக்குக் குடுத்ததுன்னேன். கேம்பு கொட்டகையில தொங்குனா கேம்பு கறிதான்னாரு. ஊருக்குப் பங்கு போடப்போறேன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்திருச்சு.

"நீ என்ன இந்த ஊர்க்காரனா பூவலிங்கம்?"

"ஆமா சார்."

எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியல. வாயில வந்திருச்சு. வந்ததை நான் திரும்ப எடுக்கல. சறுக்குவண்டியில கறியை ஏத்துனேன்னா வேலை போயிரும்னாரு. போனாப் போகட்டும்னு கோடாலியை எடுத்தேன். உறைஞ்ச கறி கல்லு மாதிரி. பங்கு போடுறது எனக்கென்ன புதுசா? எங்கப்பா கூறு போடுறதைப் பாத்து வளந்தவன். நெஞ்செலும்பு, தொடை, ஈரல், கொழுப்பு, எல்லாத்துலயும் எல்லாருக்கும் ஒண்ணு. பெரிய கூறு சின்னக் கூறுன்னு ஒரு பேச்சு வரக்கூடாது. தீட்டு இன்னும் கழியல. எங்காத்தா அதுக்காக என்னையக் கோச்சுக்கமாட்டா, அது எனக்குத் தெரியும்.

கிளம்புறப்ப வர்வாரா கைச்சட்டையைப் பிடிச்சு நிறுத்துச்சு. அடுப்புக் கதவைத் திறந்து காட்டுச்சு. மறந்துட்டேன் சார். நல்ல கொழுப்பா ஒரு துண்டை எடுத்தேன். நெருப்புக்குள்ள வச்சேன். அதுக சாமி பேரு எனக்கு என்ன தெரியும்? ஆத்தான்னேன். சடசடன்னு பத்தி, ஒரு ஆள் மாதிரி எந்திரிச்சு நின்னுச்சு நெருப்பு. அங்க அழுதேன். அது வரைக்கும் நான் அழல. வர்வாரா கதவைச் சாத்தாம பிடிச்சுக்கிட்டே நின்னுச்சு.

அதுதான் என் கொள்ளி. ஊரு ஒத்துக்கட்டும், ஒத்துக்காமப் போகட்டும். எங்கண்ணன் ஒத்துக்காம இருக்கட்டும். எங்காத்தாளுக்கு இளைய மகன் கையால நெருப்பு வச்சாச்சு.

ஒவ்வொரு வீடாப் போனேன். ஒருத்தரும் நன்றின்னு சொல்லல. சொல்லக்கூடாதாம். வாங்கிக்கிட்டு, உள்ள கூப்பிட்டு, ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சாத்தான் விட்டாக. கதவைச் சாத்துன கெழவன் என் கையைப் பிடிச்சுத் தேய்ச்சு விட்டான், விரலு வெளுத்துப்போச்சுன்னு. கடைசி வீடு இக்னாத். வண்டியைப் பாத்தா அவரு கூறு மட்டும்தான் கெடக்கு. எனக்குன்னு வைக்க மறந்துட்டேன். ரெண்டு கையையும் நீட்டி வாங்குனாரு. வண்டியை எட்டிப் பாத்தாரு. விவரம் புரிஞ்சிருச்சு. அதுவரைக்கும் அந்தாளு பல்லை நான் பாத்ததில்ல, அன்னைக்குத்தான் பாத்தேன். உள்ள இழுத்துக்கிட்டுப் போயி, அந்தக் கூறையே சட்டியில போட்டு, ஒரே தட்டுல வச்சு, முதல் துண்டை நெருப்புக்குக் குடுத்துட்டு, ரெண்டாவதை எனக்குக் குடுத்தாரு. மூணாவதுதான் அவருக்கு. மறுநாள் ஆணியில துப்பாக்கி இல்ல.

தளம் சரியானதும் வந்த முதல் விமானத்துல மேலாளர் என்னைய ஏத்திவிட்டாரு. கருமாதி முடிஞ்சு பந்தலைப் பிரிச்சப்பெறகு நான் ஊருக்கு வந்தேன். வாசல்ல எங்கண்ணன் உக்காந்திருந்தாரு. என்னையப் பாத்தாரு. ஒண்ணும் பேசல. உள்ள போயி நாலு நடை அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தாரு. வெளிய வந்தாரு. திரும்பவும் என்னையப் பாத்தாரு. உள்ள போயிட்டாரு. எனக்குச் சுள்ளுன்னு ஏறிருச்சு. பையைக்கூட இறக்கல, பரமக்குடிக்கு வந்துட்டேன். இப்ப பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெஸ்ல நிக்கிறேன். அவரு எதுக்கு வந்து வந்து பாத்தாருன்னு கேக்குறீங்க. எனக்கென்ன தெரியும்? பேசவேண்டியவரு அவரு. வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தாரு?

அந்தா தெரியுது பாருங்க பனங்காடு, அது தாண்டுனா விலக்கு. எந்திரிடா, இறங்கணும்.

அண்ணனுக்கு எப்படித் தெரியும்னு கேக்குறீங்களா? நிமாத்தும் தெரியாது, ஈவெங்கியும் தெரியாது, கிடாயைக் கட்டிட்டு வந்தா அவரு என்னன்னு எடுத்துக்குவாருன்னு? அபராதம் கட்டுறான்னு நினைப்பாரா, அவமானப்படுத்துறான்னு நினைப்பாரான்னு? நினைக்கட்டும். எனக்குக் கூறு இல்லன்னவரு கையிலயே முழுக் கிடாயையும் குடுக்கிறேன். பூட்டி வச்சுக்கிட்டாலும் சரி, ஊருக்கே கூறு போட்டாலும் சரி. போடுறப்ப என் பேரைக் கூப்பிடுறாரா இல்லையான்னு நான் பாக்கணும். வாயைத் திறந்து சொல்லிட்டா என்னன்னுதான நீங்களும் சொல்ல வர்றீங்க? சொல்லமாட்டேன் சார். சொல்லிக் குடுத்தா அது குடுத்ததாகாது.

கண்டக்டர் தம்பி, ஒரு விசில் குடுப்பா. கிடா இறங்கணும், மெதுவா நிறுத்தச் சொல்லு.

நீங்க சாயங்காலம் இதே வண்டியிலதான திரும்புவீங்க? அப்ப இந்தப் பக்கச் சன்னலோரமா உக்காருங்க. விலக்குல நான் நின்னேன்னா, ஏறி உக்காந்துக்கிடுவேன், என்ன ஆச்சுன்னு ஒண்ணும் கேட்டுறாதீங்க. இல்ல, விலக்குல ஆள் இல்ல, வெறும் மைல்கல்லுதான் கெடக்குன்னா, வண்டியை நிறுத்தவேணாம்னு தம்பிகிட்டச் சொல்லிருங்க. பட்டையோட வரிசையில நிப்பேன்.